நாலு மில்லிமீட்டர் சப்பாத்து

மோகனராஜுக்கு ஐம்பதாவது வயதில் ஞானம் பிறந்தது. பிறந்த ஞானம் சும்மா இருக்குமா? டத்தோ கிராமாட்டில் இருந்த வீட்டையும் மாக் மண்டினில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையையும் ஒரு வழி பண்ணிவிட்டது.

எல்லாம் சர்க்கரையால் வந்தது. பத்து வருடமாக உடம்பில் இருந்த சர்க்கரையை, வீட்டில் வந்து தங்கிவிட்ட தூரத்துச் சொந்தம் மாதிரி அவர் கண்டுகொள்ளாமல் வைத்திருந்தார். போன மார்ச்சில் டாக்டர் அருந்ததி இரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா கண்ணு, கிட்னி, காலு ஒன்னும் தப்பாது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். மனிதர் அன்றைக்கே மாறினார். இனிப்பான தே தாரேக் தேநீருக்கும் நெய் மினுக்கும் ரொட்டி சானாய்க்கும் ஒரே நாளில் தலைமுழுகினார். மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கினார். பத்து மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. அதுவரை சரிதான், யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. இணையத்தில் எதையெதையோ படித்து ஒரு சோடிச் சப்பாத்து வரவழைத்தார். அடிப்பாகம் நாலே மில்லிமீட்டர். குதிகால் உயரம் கிடையாது, மெத்தை கிடையாது. சுருட்டினால் கால்சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

"அப்பளத்தக் கால்ல கட்டிக்கிட்டு எங்கங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி ஜெகதீஸ்வரி.

"சிரி, சிரி. நீ மெத்தை வச்ச சப்பாத்துல நடக்கிற. ஒன் காலு தூங்குது. என் காலு முழிச்சிருக்கு."

முதல் சில வாரங்கள் பூங்காவின் சரளைக்கல் பாதையில் அவர் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நெளிந்தார். ஆறாவது மாதத்தில் ஒரு கல்லும் குத்தவில்லை. பாதம் பழகிவிட்டது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. கூட வேலை செய்யும் ஃபிக்ரியையும் பிடித்து ஒரு சோடி வாங்க வைத்தார். அவன் இரண்டே நாளில், "கல்லு குத்துது, அண்ணே, நமக்கு வேணாம் லா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். தமிழர்களோடு வேலை பார்த்தே தமிழ் பழகியவன் அவன். மோகனராஜ் அன்று முழுக்க அவனைக் கேலி செய்தார்.

உடம்பைச் சுத்தம் செய்தவர் அடுத்துக் கைவைத்தது மின்னஞ்சலில். கொள்முதல் பிரிவில் அவருக்கு ஒரு நாளைக்கு முந்நூறு கடிதம் வரும். பார்த்தாலே இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கினார். அலுவலகக் கடிதம், சொந்தக் கடிதம் எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழும். அதற்கு அவர் ஒரு கட்டளை போட்டார்: தலைப்பில் 'ரிமைண்டர்' என்று இருந்தால் சத்தமே போடாமல் ஒரு தனிப் பெட்டிக்குள் தள்ளிவிடு. சரக்கு விற்பவர்கள் ஆளுக்கு நாலு ரிமைண்டர் அனுப்பி உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நெஜமாவே வேணும்னா போன் பண்ணுவான்" என்பது அவர் வாதம். அதே வாயால்தான் டாக்டரின் கிளினிக்கில், "போன் பண்ணாதீங்க, வேலை நேரத்துல தொந்தரவு, எதுன்னாலும் ஈமெயில் போடுங்க" என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இரண்டையும் சேர்த்து யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. மாலையில் காலியான அஞ்சல் பெட்டியைப் பார்த்தால் மனுசனுக்கு அப்படி ஒரு நிம்மதி.

தைப்பூசம் வந்தது. உடம்பு தேறியதற்கு நன்றியாகப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். முதல் நாள் இரதம் போன வழியெல்லாம் மலைமலையாகத் தேங்காய் உடைத்திருந்தார்கள். வாரி எடுத்துவிட்டுத் தண்ணீர் அடித்திருந்தாலும், சாலையில் அங்கங்கே ஓட்டுச் சில்லு கிடக்கத்தான் செய்தது. கணவனும் மனைவியும் வெறுங்காலோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறினார்கள். கூட்டத்தில் நகர்ந்து, பாலைச் செலுத்தி, இறங்கி வருவதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது.

தார்ச்சாலை கொதித்தது. கீழே இறங்கிய கூட்டம் 'ஆ, ஊ' என்று குதித்துக்கொண்டு ஓரத்து நிழலைத் தேடி ஓடியது. ஜெகதீஸ்வரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றிய இடமாகப் பார்த்துத் தாவினாள். மோகனராஜ் மட்டும் நடுச்சாலையில், மாப்பிள்ளை ஊர்வலம் போகிற நிதானத்தில் நடந்தார்.

"ஏங்க, சுடலையா?"

"பத்து மாசப் பயிற்சி, ஜெகா. காலு கேக்குது பாரு நான் சொன்னத."

தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகன் அருளு இருக்கு, தம்பி, ஒங்களுக்கு" என்றார். மோகனராஜ் அடக்கமாகச் சிரித்தார். உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தது. கார் வரைக்கும் அதே நடை.

வீட்டுக்கு வந்து, கால் கழுவிவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் வந்த ஜெகதீஸ்வரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். குளியலறையிலிருந்து நாற்காலி வரைக்கும் வெள்ளைத் தரையில் ஈரமான காலடித் தடங்கள். ஒவ்வொன்றும் சிவப்பு.

"என்னங்க இது?"

"எது?"

அவள் ஓடிவந்து அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். பாதம் முழுக்கக் கொப்புளம். பாதிக்கு மேல் உடைந்து தோல் உரிந்து தொங்கியது. இடது பாதத்தின் நடுவில் கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அவள் இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். விரல் நீளத்துக்குத் தேங்காய் ஓட்டுச் சில்லு வந்தது. கூடவே இரத்தம்.

"அங்க என்ன பண்ணிக்கிட்டிருக்க?" என்று கேட்டார் மோகனராஜ்.

ஜெகதீஸ்வரி அந்தச் சில்லை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவள் மடியில் இருந்த காலைப் பார்த்தார்.

மறுநாள் காலை கிளினிக் திறந்ததும் இருவரும் உள்ளே இருந்தார்கள். டாக்டர் அருந்ததி காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்துப் பார்த்தார். முகம் இறுகியது.

"மூனு மாசத்துல கால் பரிசோதனைக்கு வரச் சொன்னேனே. ஏன் வரல?"

"நீங்க கூப்பிடவே இல்லையே, டாக்டர்."

"நாலு ஈமெயில் போட்டிருக்கோம். போன் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சத்தியமா ஒன்னும் வரல" என்று அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அஞ்சல் பெட்டி துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது. ஜெகதீஸ்வரி அதை வெடுக்கென்று பிடுங்கி, கிளினிக்கின் பெயரைத் தட்டித் தேடினாள். ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர். நாலு ரிமைண்டர். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. அவள் திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் திட்டாமல் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

"சுகர் கொறஞ்சிருக்கு, ஒடம்பு எளைச்சிருக்கு, அதெல்லாம் நல்லதுதான்" என்றார் டாக்டர். "ஆனா பத்து வருசம் சுகர் நரம்புல பண்ணின சேதம் ஒன்னு இருக்கு. அது எவ்வளவுன்னு இப்ப பார்த்துடுவோம்." ஒரு சின்னப் பிடியில் செருகிய நைலான் இழையை எடுத்துக் காட்டினார். தூண்டில் நரம்பு போல இருந்தது. "புண்ணு இல்லாத எடமா பார்த்துத் தொடுவேன். கண்ண மூடிக்கிட்டு, தொடுறது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க."

மோகனராஜ் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினார். ஜெகதீஸ்வரி பக்கத்தில் நின்று அவர் தோளில் கை வைத்திருந்தாள். அறையின் குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது. இந்தத் தேர்வில் தேறிவிட வேண்டும் என்று அவர் மனசை முழுவதும் காலில் கொண்டுபோய் வைத்தார். ஒரு தொடுகையைக்கூட விட்டுவிடக் கூடாது. இந்தக் கால் கல்லை உணர்ந்த கால், மண்ணை உணர்ந்த கால். ஓர் இழையை உணராதா?

நேரம் போனது. டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் போல. தோளில் இருந்த மனைவியின் விரல்கள் சட்டையைப் பிடித்துக் கசக்கின. பயந்துவிட்டாள், பாவம்.

"நான் ரெடி, டாக்டர். ஆரம்பிங்க."

ஜெகதீஸ்வரி விசும்புவது கேட்டது.

"கண்ணத் திறங்க" என்றார் டாக்டர் மெதுவாக.

திறந்தார். அவருடைய வலது கால் கட்டைவிரலில் அந்த நைலான் இழை, வில்லாக வளைந்து, அழுந்தி நின்றது.

"ரெண்டு காலும் முடிஞ்சிருச்சு" என்றார் டாக்டர். "இப்பவும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."