முன்கயிறு

தனபாலன் படகின் முகப்புக்குக் கீழே சேற்றில் குந்தி, ஆ லியோங் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்த பலகையை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் அவர் மனைவி அமராவதி இறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரியாது.

"மச்சாம் மானா, பாலன்? எப்படி, வெட்டவா, வேணாமா?" ஆ லியோங் மலாயும் தமிழும் கலந்து கேட்டான். பாசிர் பெனம்பாங்கில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் பட்டறை அவனுடையது. "நாள மறுநாள் பௌர்ணமி. கடல் ஏறி, பெரிய தண்ணி அப்பத்தான் வரும். வெட்டலன்னா அன்னிக்கே எறக்கிடணும். மத்த போட்டெல்லாம் காத்திருக்கு லா."

வெட்டுவதென்றால் முகப்பில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை துளை போட்டு, ஒரு குழாயைப் பொருத்த வேண்டும். குழாய்க்குள் சின்ன விசிறி. சுக்கான் பக்கத்தில் இருக்கும் பித்தானை அழுத்தினால் படகின் மூக்கு இடமோ வலமோ நகரும். பவ் திரஸ்டர் என்று கிள்ளான் கடைக்காரன் கொடுத்த புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது. இது இருந்தால் ஒரே ஆள் படகைக் கட்டிவிடலாம் என்றும் போட்டிருந்தது. இந்த வருடம் அந்த வரியை மறுபடி படித்தபிறகுதான் தனபாலனுக்கு அந்தச் சாமானே பிடிக்காமல் போனது.

படகு முதலில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையுடையது. அவர் ஊருக்குத் திரும்பிய வருடம், அதன் இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்து இஞ்சின் டிரைவர் தனபாலனிடமே அதை விட்டுப் போனார். அது ஆகிப் பத்தொன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் தனபாலனும் அமராவதியும் சோறு கட்டிக்கொண்டு ஆற்று வாய்வரை போய் வருவார்கள். மீன் பிடிக்கக்கூட இல்லை, சும்மா. தோட்டத்துச் சனங்கள் சிரித்தார்கள். அமராவதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படகின் மூக்கில் நிற்பாள். ஜெட்டி என்கிற படகுத்துறை நெருங்கும்போது முன்கயிற்றை வீசிக் கம்பத்தில் மாட்டுவது அவள் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் அந்தப் புத்தகத்தை ஆசையாகக் கொண்டுவந்து காட்டியபோது, "அப்ப நான் எதுக்கு?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. இந்த வருடம் அவளுக்கு இருதயம் வீங்கி, கட்டிலை விட்டு இறங்கவே மூச்சு வாங்கத் தொடங்கியபிறகு, அவளே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அத மாட்டிடுங்க."

"எதுக்கு இப்ப?"

"மாட்டிடுங்கன்னா மாட்டிடுங்களேன்."

கேட்கும்போதெல்லாம் அவர் மருந்தை எடுக்க எழுந்துவிடுவார். ஐந்து மாதமாகப் படகும் கட்டிய இடத்திலேயே கிடந்து பாசி பிடித்தது. அதைச் சுரண்டவென்றுதான் போன பெரிய தண்ணீரில் பட்டறைக் கரையில் ஏற்றியிருந்தார். இன்று காலையில், "சரின்னு சொல்லிட்டு வாங்க, போங்க" என்று கையைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். வந்து இரண்டு மணி நேரமாக அவர் படகைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் காளியண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மறுபடியும் மூச்சு வாங்குதா அவளுக்கு?"

காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "ஏறுங்கண்ணே. நான் ஓட்டறேன்."

பாலம் தாண்டும்போதுதான் கையில் சேறு இருப்பதைத் தனபாலன் பார்த்தார்.

வீட்டில் கூடத்து நாற்காலிகளை ஏற்கனவே வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அமராவதியின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. காளியண்ணனின் மனைவி அன்னம்மா, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தவள், அவரைப் பார்த்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"கஞ்சி குடிச்சிச்சிண்ணே. நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்திச்சு. 'அவரு சரின்னு சொல்லியிருப்பாரா'ன்னு ரெண்டு தடவ கேட்டிச்சு. எனக்கு என்னா ஏதுன்னு வெளங்கல. சொல்லியிருப்பாரு அக்கான்னு சொல்லி வெச்சேன். அப்புறம் செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிட்டீங்கதானேண்ணே?"

தனபாலன் தலையாட்டினார்.

மகள் சந்திரிகாவும் மருமகன் அழகேசனும் ராவாங்கிலிருந்து மாலையில் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் சுடுகாடு. வந்தவர்கள் எல்லாரும் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். தொட்ட இடமெல்லாம் சட்டை ஈரமாக ஒட்டிக்கொண்டது. "சாப்பிடுங்கப்பா" என்று சந்திரிகா நான்கு முறை சொன்னாள். நான்காவது முறை சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அஸ்தியைக் கரையிலேயே கரைத்துவிடலாம் என்றான் அழகேசன். "போட்டு எதுக்கு மாமா? சிரமம்."

"போட்டுலதான் போவணும்."

ஆ லியோங்குக்கு முன்தினமே சொல்லியனுப்பியிருந்தார். வெட்டாத படகைப் பெரிய தண்ணீரில் இறக்கி, துடைத்து வைத்திருந்தான். ஆறு ததும்பிக்கொண்டிருந்தது. ஆற்று வாயில், தண்ணீர் நிறம் மாறும் இடத்தில் இஞ்சினை நிறுத்தினார். சந்திரிகா பானையைக் கொடுத்தாள். சாம்பல் முதலில் மிதந்தது, பிறகு கலங்கியது, பிறகு எங்கே போட்டோம் என்று தெரியவில்லை. பூவை மட்டும் கொஞ்ச தூரம் பார்க்க முடிந்தது. சந்திரிகா அழுதாள். அழகேசன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். தனபாலன் இஞ்சினைக் கிளப்பினார்.

திரும்பும்போது தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஜெட்டி இருப்பது ஆறு வளையும் இடத்தில். இறங்கு தண்ணீர் பக்கவாட்டில் வந்து படகின் மூக்கைப் பிடித்து வெளியே தள்ளும். மூக்கு விலகுவதற்குள் முன்கயிறு கம்பத்தில் விழுந்துவிட வேண்டும். ஜெட்டியில் கயிற்றை வாங்க அப்போது யாரும் இல்லை.

"கம்பத்துல மாட்டினா போதும், அழகேசா. இழுக்க வேணாம். மாட்டினா போதும்."

அழகேசன் வீசினான். கயிறு கம்பத்தில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. மூக்கு விலகியது. தனபாலன் சுற்றி வந்தார். இரண்டாவது முறையும் தவறியது. மூன்றாவது முறை மூக்கு போன வேகத்தில் படகின் பின்புறம் ஒரு மீன்பிடிப் படகை உரச இருந்தது. அதிலிருந்த சீனக் கிழவர் எழுந்து நின்று கத்தினார்.

"ஸாரி மாமா. கயிறு நிக்க மாட்டேங்குது."

"ஒம்மேல தப்பில்ல. நங்கூரத்த எறக்கு."

ஜெட்டியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், நடு ஆற்றில் படகு நின்றது.

"எவ்ளோ நேரம்ப்பா?" என்றாள் சந்திரிகா.

"தண்ணி இறங்கி நிக்கட்டும். ரெண்டு, ரெண்டரை மணி நேரம் ஆவும்."

"அம்மா எப்படிப்பா மாட்டுவாங்க?"

அவர் சொல்ல வாயெடுத்தார். கயிற்றை எத்தனை சுற்று கையில் வைத்துக்கொள்வாள், எந்தக் காலை முன்னால் வைப்பாள், எப்போது விடுவாள் என்று யோசித்தார். ஒன்றும் வரவில்லை. சுக்கானிலிருந்து பார்த்தால் அவளுடைய முதுகு தெரியும். இடது கையைப் பின்னால் நீட்டி ஆட்டுவாள். வேகத்தைக் குறை என்று அர்த்தம். வலது கை என்ன செய்தது என்று அவர் பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"தெரியல" என்றார். "நான் பாக்கல."

சந்திரிகா அவரையே பார்த்தாள். வெயில் ஏறியது. அழகேசன் நிழலைத் தேடி உள்ளே வந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். சேற்றின் வாடை எழுந்து, கரையோரத்துக் கண்டல் மரங்களின் வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

பகல் தாண்டித் தண்ணீர் நின்றது. தனபாலன் படகை மெதுவாகக் கொண்டுபோய் ஜெட்டியோடு சேர்த்தார். பட்டறையிலிருந்து வந்திருந்த ஆ லியோங் குனிந்து கயிற்றை வாங்கிக்கொண்டான்.

"அடுத்த பெரிய தண்ணிக்கு ஏத்திடு" என்றார் தனபாலன்.

"வெட்டவா?"

"வெட்டிடு."

ஆ லியோங் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் பட்டறைப் பக்கம் நடந்தான்.

மகளையும் மருமகனையும் மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "எங்ககூடவே வந்திடுங்கப்பா" என்றாள் சந்திரிகா, ஜன்னல் வழியாக. "கருமாதிக்கு வருவீங்கல்ல, அப்ப பேசிக்கலாம்" என்றார். பஸ் போனபிறகும் கொஞ்ச நேரம் நிலையத்தில் நின்றார். வீட்டுக்குப் போகும் வழியில் நடக்க ஆரம்பித்து, பாதியில் திரும்பிப் பாலத்தைத் தாண்டி ஜெட்டிக்கு வந்தார்.

படகில் ஏறி, சுக்கான் அறைக்குப் போகாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். அந்த இடத்துக்கு அவர் வண்ணம் அடிக்கப் போயிருக்கிறார், ஆணி அடிக்கப் போயிருக்கிறார். நிற்கப் போனதில்லை. நினைத்ததைவிடக் குறுகலாக இருந்தது. ஒரு ஆள்தான் நிற்கலாம்.

கயிற்றைக் கட்டி முடித்ததும் ஒவ்வொரு முறையும் அமராவதி திரும்பிப் பார்ப்பாள். அவர் உள்ளேயிருந்து தலையாட்டுவார். சில நாள் சிரிப்பார். வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. அது போதும் என்றுதான் நினைத்திருந்தார்.

தனபாலன் அவள் நின்ற இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். சுக்கான் அறையின் கண்ணாடி முழுக்க வானமும் வெயிலுமாக இருந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை. ஆள் நின்று தலையாட்டினாலும் தெரியாது.

கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.