மீட்டரக்காவும் மூன்று கோட் பெயிண்டும்

பெயிண்டருக்குத் துரு என்றால் ஆகவே ஆகாது. எங்கேயாவது ஒரு புள்ளி கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. வீட்டிலிருந்த பழைய மோட்டார் சைக்கிளின் பேட்டரி செத்துப்போய், புதியதை மாட்டுவதற்காக அதைக் கழற்றியபோது, சீட்டுக்கு அடியில் இருந்த துருவைப் பார்த்துவிட்டார். சும்மா இருப்பாரா? பேட்டரி உட்காரும் தட்டு, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் எல்லாவற்றையும் தேய்த்து, மூன்று கோட் கறுப்புப் பெயிண்ட் அடித்து, காயவைத்து, அதற்கப்புறம்தான் புதுப் பேட்டரியை உள்ளே வைத்தார். யாரும் எட்டிப் பார்க்காத இடம். ஆனால் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு.

அங்கே பிடித்தது வண்டிக்குக் கிறுக்கு. உதைத்தால் எஞ்சின் கிளம்பியது. அதற்குப் பேட்டரியின் தயவு தேவையில்லை. ஹாரன்தான் சளி பிடித்தவன் மாதிரி முனகியது. இண்டிகேட்டர் மங்கலாக எரிந்ததே தவிர, சிமிட்டவில்லை. பிரேக்கை மிதித்தால், எரியலாமா வேண்டாமா என்று பின்விளக்கு யோசித்தது.

வேறு நாளாக இருந்தால் போகிறது என்று விட்டிருக்கலாம். அன்று வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்குப் பெயிண்டரின் மனைவிக்கு லைசென்ஸ் டெஸ்ட். இஸ்திரிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாகக் கரண்ட் சோதிக்கும் மீட்டரும் கையுமாக நிற்பவள்; அங்கே எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா. ஊர்க்கோடியில் திறக்கப்போகும் புது யூனிட்டுக்கு அவளைச் சூப்பர்வைசராகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஷிப்டுக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. திங்கட்கிழமை லைசென்ஸைக் காட்டினால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. ஹாரனும் விளக்கும் சரியில்லாத வண்டியை டெஸ்ட் மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். வேறு வண்டியில் அவள் உட்கார்ந்ததுகூட இல்லை.

எட்டரைக்குப் பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்தார். தன் சரக்கின் மேல் பழி வராமல் பார்த்துக்கொள்வதில் ஆள் கெட்டிக்காரர். பேட்டரி தங்கம், வயரிங்குக்குத்தான் வயசாகிவிட்டது, மொத்தமாக மாற்ற இரண்டு நாளாகும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பெயிண்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இந்த வேலை போனால் என்ன, இன்னொன்று வராதா என்று மெதுவாக ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மீட்டரக்கா உள்ளே போய்த் தன் மீட்டரை எடுத்து வந்தாள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் குச்சிகளை வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கணவரை ஹாரனை அழுத்தச் சொன்னாள். அப்போதும் எண் இறங்கவில்லை. ஆக, கடைக்காரர் பேட்டரியைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. அடுத்து ஒரு குச்சியைப் பேட்டரியின் மைனஸிலும் மற்றதை எஞ்சின் போல்ட்டிலும் வைத்து, மறுபடி அழுத்தச் சொன்னாள். அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. ஏழு வோல்ட் காட்டியது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டிகளில் அவள் பார்க்கிற முதல் சோதனையே எர்த்துதான். வெளியே எவ்வளவு மினுமினுப்பாக இருந்தாலும், பெட்டியின் உடம்புக்கும் எர்த் வயருக்கும் தொடர்பு இல்லையென்றால் அவள் கையெழுத்து விழாது. இந்த வண்டியில் பேட்டரியின் மைனஸ் வயர், சட்டத்திலுள்ள ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. விளக்கு, ஹாரன் எல்லாவற்றின் கரண்ட்டும் சட்டத்தின் வழியாக அந்த இடத்துக்குத்தான் திரும்பியாக வேண்டும். அந்தப் போல்ட்டுக்கு அடியில் மூன்று கோட் பெயிண்ட்.

"வயரிங்ல ஒண்ணும் இல்லைங்க. உங்க பெயிண்ட்தான் கரண்ட்டை மறிக்குது."

பெயிண்டரின் முகம் சுண்டிப்போயிற்று. "அவ்வளவு மோசமாவா அடிச்சிருக்கேன்?"

"மோசமா அடிச்சிருந்தா கரண்ட் எங்கேயாவது பூந்து போயிருக்கும். நீங்க ஊசி முனை இடம் விடாம அடிச்சிருக்கீங்க."

அவள் உப்புத்தாளை எடுத்தாள். அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். தன் பெயிண்டைச் சுரண்டுவதென்றாலும் தானே சுரண்ட வேண்டும் அவருக்கு. போல்ட்டைக் கழற்றி, காசு அகலத்துக்கு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். வயரை மாட்டி இறுக்கியதும் அவள் மறுபடி மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஏழு காணாமல் போயிருந்தது. ஹாரன் அலறிய அலறலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

மைதானத்தில் இன்ஸ்பெக்டர் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அவள் எட்டுப் போட்டாள். கால் தரையில் படவே இல்லை. தாளில் தேர்ச்சி என்று எழுதிக் கொடுத்த பிறகும் அவருக்கு வண்டியை விட்டுப் போக மனமில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இவ்வளவு பழைய வண்டி இப்படி இருக்கிறதே, யார் வேலை என்று பெயிண்டரிடம் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பெயிண்டர் எப்போதும் அரைமணி நேரம் பதில் சொல்வார். மீட்டரக்காவும் வண்டியில் சாய்ந்து நின்று, கேட்கத் தயாரானாள்.

"பெயிண்ட் மட்டும்தான் சார் நான். அதுலதான் ஹாரன்கூட அடிக்காமப் போச்சு. கண்டுபிடிச்சு சரி பண்ணது என் வீட்டுக்காரி." அவர் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். "திங்கட்கிழமையிலேர்ந்து சூப்பர்வைசர்."

அந்த வார்த்தையை அவளே இன்னும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை. பெருமை தாங்கவில்லை மீட்டரக்காவுக்கு. இன்ஸ்பெக்டர் முன்னால் அழுது தொலைத்துவிடுவோமோ என்று பயந்து, அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"பின்னாடி ஏறுங்க" என்றாள், "நேரமாகுது."