கூடையில் கை வைத்தவள்

தெய்வநாயகியின் குளியலறைச் சுவர் முழுக்கப் பூச்சு உதிர்ந்து கிடந்தது. கடலோடு சேர்ந்த ஏரியின் உப்புக் காற்று எந்தச் சுவரைத்தான் விட்டுவைத்தது? ஜெபசெல்வி சுவரைத் தட்டிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். பூச்சுக் கரண்டியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"இன்னாமே உக்காந்துட்ட? வெயில் ஏறுது பாரு" என்றாள் தெய்வநாயகி.

"கூலி பேசிடலாங்க்கா. பேசிட்டா கலவை போட்டுருவேன்."

"நமக்குள்ள இன்னா கூலிப் பேச்சு? வேலைய முடி. பார்த்துக் குடுக்குறேன்."

இந்தப் 'பார்த்துக் குடுக்குறேன்' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு இந்த ஊரில் எத்தனை பேர் வயிறு எரிந்திருக்கிறார்கள்! தெரிந்தவர்களிடம் வாயைத் திறந்து கூலி பேசினால் மரியாதைக் குறைவாம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு தலையாட்டினால் நல்ல பெண்ணாம். போன மாதம் எதிர்வீட்டு ராஜாத்திக்குத் தரை பூசிக் கொடுத்தபோது ஜெபசெல்வியும் நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள். சாயங்காலம் கைக்கு வந்தது சித்தாள் கூலியும் ஒரு கிண்ணம் மீன் குழம்பும். "பொம்பளைக்கு இது போதாதா?" என்று வேறு கேட்டாள் ராஜாத்தி.

காட்டுப்பள்ளித் துறைமுகக் கட்டட வேலைகளில் சித்தாளாகக் கலவை சுமந்து, திட்டு வாங்கி, கரண்டி பிடிக்கக் கற்று, இன்று தனியாளாகச் சுவர் பூசுகிற கொத்தனார் அவள். இன்றைக்கும் இறங்கிப் போனால் தீர்ந்தது கதை. இந்தக் காலனிக்கு அவள் ஆயுசு முழுக்கச் சித்தாள்தான்.

"ஒரு நாள் வேலைக்கா. கொத்தனார் கூலி ஆயிரத்து நூறு."

தெய்வநாயகி கன்னத்தில் கை வைத்தாள். "ஆம்பளக் கூலியா கேக்குற?"

"ஆம்பளக் கூலியும் இல்ல, பொம்பளக் கூலியும் இல்ல. கொத்தனார் கூலி."

"எம்மாம் திமிரு உனுக்கு! நான் மார்க்கெட்டுக்குக் கெளம்பணும், பேஜார் பண்ணாத. மொதல்ல வேலையப் பாரு."

வாசலோரம் தெய்வநாயகி விற்கக் கொண்டுபோகும் மீன் கூடை இருந்தது. விடியற்காலையில் ஏலத்தில் எடுத்த மடவை, பளபளவென்று. ஜெபசெல்வி குனிந்து பெரியதாக இரண்டைத் தூக்கித் தன் வாளிக்குள் போட்டாள்.

"அடியே!" தெய்வநாயகி போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. "வெல பேசாம கூடையில கை வைக்கிறியா? என் நாத்தனாரே வைக்க மாட்டா! போடுடி கீழ!"

"நமக்குள்ள இன்னாக்கா வெலப் பேச்சு? ராத்திரி கொழம்பு வச்சித் தின்னுட்டு, பார்த்துக் குடுக்குறேன்."

தெய்வநாயகி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு வாசலில் ராஜாத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தது யாரைப் பார்த்தோ, அது அவளுக்கே வெளிச்சம்.

ஜெபசெல்வி மீனைத் திரும்பக் கூடையில் போட்டாள். பையைத் தோளில் மாட்டி, வாளியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இன்றைய பிழைப்பு போயிற்று. போகட்டுமே! சித்தாள் என்ற பெயரோடு இன்னொரு சுவரைத் தொடுவதாக இல்லை.

"நில்லுமே!"

அவள் நின்றாள், ஆனால் திரும்பவில்லை.

"ஆயிரம்."

"ஆயிரத்து நூறு."

"ஒரு நூறு கொறைக்கக் கூடாதா?"

"நீ கூவுற வெலையில எவளாச்சும் நூறு கொறைச்சா வுட்டுடுவியாக்கா?"

விடுவாளா தெய்வநாயகி! கூடையையே கவிழ்த்துவிடுவாள். அது அவளுக்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும், சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். "சரி, ஆயிரத்து நூறு. வந்து தொலை. பூச்சுல ஒரு விரிசல் வரட்டும், அப்பால இருக்கு உனுக்கு."

"வந்தா கூப்புடு. சும்மாவே பூசித் தரேன்."

ஜெபசெல்வி உள்ளே போய்க் கரண்டியை எடுத்தாள். வெளியே தெய்வநாயகி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கும்போது ராஜாத்தி குரல் கொடுத்தாள்: "ஏ நாயகி! அந்தச் சித்தாள நாளைக்கி நம்ம வூட்டாண்ட அனுப்பு, சொவுரு ஒண்ணுல தண்ணி ஒயுவுது."

"சித்தாளு இல்லமே, கொத்தனாரு! வெல பேசிட்டுக் கூப்புடு!"

குளியலறைக்குள்ளிருந்து இன்னொரு குரல் தெரு வரைக்கும் கேட்டது.

"போன மாசத்து மீதிய எடுத்து வச்சிட்டுக் கூப்புடச் சொல்லுக்கா!"