நூறு கஜத்துக்குள் வீடில்லை

திருத்தணியில் ஓவர்சியராக இருந்த ஒன்பது வருஷத்தில் நான் போட்ட பிளான்களிலேயே அழகானது வண்டிக் கொட்டகை பிளான்தான். அதை நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

1946-ஆம் வருஷம். எங்கள் பஞ்சாயத்து போர்டுக்கு இரண்டு குப்பை வண்டி, ஒரு தண்ணீர் வண்டி, கக்கூஸ் வாளிகளை ஏற்றிப் போகும் தகர வண்டி ஒன்று. நான்கும் குளத்தோரம் நின்றன. காவடி எடுத்து வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அரோகரா சொல்ல வேண்டியிருக்கிறது என்று கடைத்தெருக்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்குள் வண்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வந்தது. கூடவே ஒரு கட்டு விதிகள். கொட்டகை எந்த வீட்டுக்கும் நூறு கஜம் தள்ளி இருக்கவேண்டும், குடிதண்ணீர்க் கிணற்றுக்கு ஐம்பது கஜம். தரையைக் கல் பாவிச் சரிவாகப் போட்டு, கழுவின தண்ணீர் ஓடக் கால்வாய் விடவேண்டும். தண்ணீர் வண்டிக்கும் தகர வண்டிக்கும் நடுவே சுவர் வேண்டும்.

அரக்கோணம் சாலைக்குத் தெற்கே புறம்போக்கு நிலம் ஒன்று இருந்தது. எல்லா விதிக்கும் பொருந்திய இடம், ஒன்றைத் தவிர. நாற்பது கஜத்தில் தாயாரம்மாளின் குடிசை இருந்தது.

தாயாரம்மாள் கழனி வேலை செய்கிறவள். புருஷன் இல்லை. ரஞ்சிதம் என்று ஒரு பெண், இரண்டு ஆடு. ரேஷன் கார்டு வாங்க வீட்டு நம்பர் வேண்டும் என்று அவள் மூன்று தடவை ஆபீசுக்கு வந்திருக்கிறாள். அவளுடைய மனு என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. ஒரு குடிசைக்கு நம்பர் போட, போய் நாலு எல்லையும் பார்த்து எழுதவேண்டும். வெயிலில் யார் நடப்பது என்று, நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் ஒரு மண்ணும் இல்லை.

நிலத்தை அளக்கப் போன அன்று சங்கிலி பிடிக்கிற சுப்பன் ஜுரம் என்று வரவில்லை. தாயாரம்மாள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தாள். நான் சொன்ன இடத்திலெல்லாம் போய் நின்றாள். நடுவே உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன். அளந்து முடித்ததும் காகிதத்தை எட்டிப் பார்த்து, தன் வீட்டை எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டாள். அப்புறம் போடுகிறேன் என்றேன்.

போடவில்லை. கதவில் நம்பர் தகடு அடித்திருந்தால்தான் எங்கள் ஆபீசில் அது வீடு. பிளானில் தகடு உள்ளதை மட்டும் வரைவது எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே வழக்கம். தகடு இல்லை, ஆகவே வீடு இல்லை. ‘நூறு கஜத்துக்குள் வீடு எதுவும் இல்லை’ என்று அடியில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தகடு ஏன் இல்லை என்று என் டிராயருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பிளான் அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. நீல மசியில் கால்வாயும் சிவப்பு மசியில் சுவரும் போட்டுவிட்டு, பெரிய சாமர்த்தியசாலி போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து மேலதிகாரி காரில் வந்தார். நிலத்தில் நின்று பிளானைப் பார்த்தார், பிறகு குடிசையைப் பார்த்தார். வாசலில் ஆடுகள் கட்டியிருந்தன. தாயாரம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

“அது என்ன?” என்றார்.

வீடு என்றால் நான் கையெழுத்துப் போட்டது பொய். வேலை போய்விடும். எனக்கு மூன்று குழந்தைகள். இதையெல்லாம் யோசித்துச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“ஆட்டுக் கொட்டாய்ங்க.”

அவர் தாயாரம்மாளைக் கூப்பிட்டு, அப்படித்தானா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பிளானைச் சுருட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். உள்ளே ரஞ்சிதம் அடுப்பு ஊதுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“ஆங். ஆட்டுக் கொட்டாய்தாங்க,” என்றாள்.

அப்படியானால் ஒரு வாரத்தில் பிரித்துவிடச் சொன்னார். காரின் மேல் பிளானை விரித்து ஒப்புதல் போட்டார். வேலை சுத்தமாக இருக்கிறது என்று என் முதுகில் தட்டிவிட்டும் போனார். ஓடிப்போய்க் காரை நிறுத்தியிருக்கலாம். கார் சாலையில் ஏறித் திரும்பும்வரை நேரம் இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாவது நாள் போனபோது கூரையைப் பாதி பிரித்திருந்தார்கள். சட்டி பானையெல்லாம் வெளியே இருந்தது. அம்மையார்குப்பத்தில் தம்பி வீட்டுக்குப் போவதாகத் தாயாரம்மாள் சொன்னாள். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டினால் கொஞ்சம் தாங்கும்போல இருந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று நானே கேட்டேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்டேனோ.

“நீங்க சொன்னப்புறம் நான் இல்லேன்னு சொன்னா, அம்மாம் பெரிய ஆபீசரு முன்னால உங்களுக்கு அசிங்கமாப் பூடுமேங்க. புள்ளகுட்டிக்காரரு,” என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நம்பர் போட்டுத் தருகிறேன் என்று சொல்லப் போனேனோ என்னவோ. அவள் ஓலைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, கிழக்கே இருந்த மண்மேட்டைக் காட்டினாள்.

“ஒண்ணு செய்யிங்க. அந்தாண்ட செவுர மட்டும் நல்லா உசத்திக் கட்டுங்க. மேட்டுக்குப் பின்னால நூர் முஹம்மது பாய் குடிசை கீது. கைக்கொழந்த வச்சிகினு கீறாங்க, நாத்தம் தாங்காது. அவங்களுக்கும் நம்பரு கெடையாதுங்க.”

மேட்டின் மேல் ஏறிப் பார்த்தேன். அறுபது கஜம்கூட இருக்காது. குடிசை வாசலில் ஒரு பெண் துணி பிழிந்துகொண்டிருந்தாள், கயிற்றில் ஏணை ஆடிக்கொண்டிருந்தது. என் பிளானில் அந்த இடம் வெறும் வெள்ளை.