மீனுக்கு அறுபது நாள்

அப்பா இறந்து நான்கு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தபோது, அவள் அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வெளுத்த நீலச் சட்டை. பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கியவரின் சீருடை. அதைத்தான் போட்டு அனுப்ப வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

மழை விட்டும் வெளிச்சம் வரவில்லை. சன்னலுக்கு வெளியே நனைந்து நின்ற மரத்தின் பச்சை கூடம் முழுக்கப் படர்ந்திருந்தது. அந்தப் பச்சைக்குள் ஆட்கள் மெல்ல நுழைந்தார்கள், அப்பாவின் காலருகே நின்றார்கள், அம்மாவிடம் வாயசைத்தார்கள், ஒதுங்கினார்கள். சத்தம் மட்டும் தண்ணீருக்கு வெளியே நின்றுவிட்டது போல அவளுக்கு இருந்தது.

வந்தவர்கள் எல்லோரிடமும் அம்மா ஒன்றையே சொன்னாள். இன்னும் ஒரே நாள்தான் பாக்கி. நாளைக்கு அறுபது முடிந்திருக்கும். மழை வருகிறதே என்று மொட்டை மாடித் துணியை எடுத்துவரச் சொன்ன பாவி நான்தான். போனவர் வரவில்லையே என்று ஏறிப் போய்ப் பார்த்தால், படித் திருப்பத்தில், நனையாத துணிகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அறுபது என்ன கணக்கு என்று யாரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் கணக்குக் கேட்பார்களா?

கணக்கு அவளுடையது. அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் மனிதர்களின் இதய நோயைப் புரிந்துகொள்ள மீன்களை வளர்த்தார்கள். விரல் நீளம்கூட இல்லாத, உடம்பெல்லாம் நீலக் கோடு போட்ட மீன்கள். மயக்க மருந்து கலந்த நீரில் ஒன்று அசைவற்றுப் போனதும் அதை ஈரப் பஞ்சின் பிளவில் மல்லாத்தி வைப்பாள். நுண்ணோக்கியின் கீழே, கடுகளவு இதயத்தின் நுனியைக் கத்தரிப்பாள். திரும்பத் தொட்டியில் விட்டுச் செவுளில் தண்ணீரைப் பீய்ச்சினால், மறந்துபோன எதுவோ ஞாபகம் வந்தாற்போல வாலை அசைக்கும். அறுபது நாளில் வெட்டிய இடம் தெரியாமல் இதயம் வளர்ந்திருக்கும்.

மாரடைப்புக்குப் பிறகு அப்பா வீடு திரும்பிய அன்று, அவருக்குப் பொழுது போகட்டும் என்றுதான் இதைச் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அறுபது நாள்தானே? மீனால முடியறது என்னால முடியாதா?"

அப்போதே திருத்தியிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது டாக்டர் அவளைத் தனியாக நடைவழிக்கு அழைத்து, நீ படித்த பெண், உன்னிடம் சொல்கிறேன் என்று ஆரம்பித்துச் சொன்னது அவள் நெஞ்சுக்குள் இன்னும் ஈரமாக இருந்தது. மறுநாள் காலை நாட்காட்டியில் பென்சிலால் ஒன்று என்று எழுதியிருந்தது. பிறகு எப்படித் திருத்துவது?

"எத்தனாவது மாடிம்மா?" அறுபது நாளைத் தன் கட்டடத்தின் பதினோரு மாடிகளாகப் பிரித்துக்கொண்டு, தினமும் காலையில் கேட்பார்.

"நாலுப்பா." "ஏழுப்பா." அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். வாழ்நாளெல்லாம் ஊரை ஏற்றி இறக்கியவருக்கு, தன் இதயமும் மாடி மாடியாக ஏறுவதில் அப்படியொரு குஷி. ஒரு மதியத் தூக்கத்தில் அவள் அந்த லிஃப்ட்டைக் கனவு கண்டாள். கழுத்தளவு தண்ணீர். அப்பா தன் முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கிறது, யாரும் ஏறவில்லை, தண்ணீரும் வெளியே போகவில்லை.

இன்று காலை அவர் அவளைக் கேட்கவில்லை. தானே சொன்னார். "பதினொண்ணு வந்தாச்சு. கதவு திறக்கறதுதான் பாக்கி."

அப்பாவின் தங்கை வந்தபோது மணி மூன்று. அழுது ஓய்ந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரே நாள் கதையை முழுதாகக் கேட்டாள். பிறகு, குரலை உயர்த்தாமலே, ஆறுதல் சொல்வது போலவே சொன்னாள்.

"ஒரு நாள் பொறுக்க முடியலையா அண்ணி உங்களுக்கு? நாலு துணி நனைஞ்சா குடியா முழுகிடும்?"

அம்மா மறுக்கவில்லை. ஆமாம் என்பது போலத் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தலையாட்டல் இன்றோடு நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மழைக்கும் அம்மா அந்த ஒரு நாளை எண்ணுவாள். தான் வாயைத் திறந்தால், ஐம்பத்தொன்பது காலைகளும் பொய்யென்று ஆகிவிடும். அப்பா ஏறிய மாடிகள் அத்தனையும் சரிந்துவிடும். அத்தை அடுத்து அவளைத்தான் பார்ப்பாள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்து, ஆட்களுக்கு நடுவே நடந்துபோய் அம்மாவின் முன்னால் நின்றாள். கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"அம்மா. அறுபது நாள் மீனுக்கும்மா. மனுஷங்களுக்கு வளராது." எல்லோரும் திரும்பினார்கள். "டாக்டர் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. எப்ப வேணும்னாலும் நின்னுடும், தூக்கத்துலகூட நின்னுடலாம்னு. நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

அம்மாவின் தலையாட்டல் நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அத்தையின் மடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு, சற்றே நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.