கும்பத் தண்ணி பட்ட லப்டொப்

கஜீபன் கள்ளன் இல்லை. ஆனால் ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதற்குக் காவலாக மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டு போகிற கெட்டித்தனம் அவனிடம் இருந்தது.

பண்டத்தரிப்பில் வீட்டிலிருந்தபடியே எஞ்சினியர்மாருக்குக் கம்பியூட்டரில் வீட்டு வரைபடம் கீறிக் கொடுப்பது அவனது தொழில். சுவிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் அக்கா சிவகௌரி, நல்ல புது லப்டொப்பாக வாங்கு என்று காசு அனுப்பினாள். யாழ்ப்பாண ரவுனில் லப்டொப் விற்றுத் திருத்தும் ஏர்னெஸ்டின் கடைக்குப் போனவனின் கண் ஒரு பழையதில் விழுந்தது. எட்டு வருடம் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கந்தோரில் உழைத்த லப்டொப். பாரமான வேலைக்கென்றே செய்த வேர்க்ஸ்ரேசன் வகை. தூக்கினால் அம்மிக்கல் கனம். அக்காவின் காசுக்கு வரக்கூடிய புதியவை பெரிய வரைபடமொன்றைத் திறந்தாலே மூச்சு வாங்கும், இது அசையாது. விலையோ பாதிகூட இல்லை.

ஏர்னெஸ்ட் எதையும் ஒளிக்கவில்லை. "சார்ஜர் குத்திற இடம் கொஞ்சம் ஆடுது, தம்பி. ஒரு நாளைக்கு உள்ளுக்கை ஒட்டு விட்டிடும். அப்ப கொண்டு வாரும், செய்து தாறன். அதுதான் விலையைக் குறைச்சு விட்டனான்."

இதுவரை குற்றம் ஒன்றுமில்லை. பழையதை வாங்கி மிச்சம் பிடிப்பது புத்தியுள்ளவன் செய்கிற வேலை. அக்காவிடம் சொல்லியிருந்தால் அவளும் மெச்சியிருப்பாள். இவனோ மிச்சத்துக்கு ஒரு போனை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். இது ஏது என்று அம்மா மீனாம்பிகை கேட்டதும், "புது லப்டொப் வாங்கினால் போன் இனாமாம்," என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

"நல்ல மனுசர். அந்தக் கடை நல்லா வரட்டும்," என்று அம்மா மனமார வாழ்த்தினாள்.

பத்து நாளில் சரஸ்வதி பூசை வந்தது. புதுச் சாமானைப் பூசைக்கு வைக்காமல் அம்மா விடுவாளா? படத்துக்கு முன்னால் வைத்து, மூடியில் சந்தனப் பொட்டும் இட்டாள். விஜயதசமியன்று கும்பத் தண்ணியை மாவிலையால் தொட்டு வீடு முழுக்கத் தெளித்தவள், லப்டொப்புக்கு மட்டும் மூன்று தரம் தெளித்தாள். விழுந்தது நாலு துளி. அதையும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் லப்டொப் இயங்கவில்லை. சார்ஜரைக் குத்தினால் வெளிச்சம் வரவில்லை. கஜீபனுக்கு உடனே விளங்கிவிட்டது. பூசைக்கு முதல் நாளே சார்ஜ் விட்டு விட்டுத்தான் ஏறியது.

"ஐயோ, நானெல்லோ தண்ணி தெளிச்சனான்!" அம்மா நெஞ்சில் கையை வைத்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

உண்மை அவனுடைய நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "பரவாயில்லை அம்மா. தெரியாமல்தானே செய்தனீங்கள்," என்றான்.

பழியைப் பெற்றவளின் தலையில் கட்டியது போதாதென்று, பெரிய மனது பண்ணி அவளை மன்னித்தும் விட்டான், பாருங்கள்!

அடுத்த மூன்று நாளும் அம்மா லப்டொப்பைச் சுளகில் வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, முற்றத்து வெயிலில் காய வைத்தாள். அக்காவுக்குப் போன் எடுத்து, "நீ மாடாய் உழைச்சு அனுப்பினதை நான் தண்ணியிலை விட்டிட்டன், பிள்ளை," என்று அழுதாள். அறைக்குள் இருந்து கேட்ட கஜீபனுக்குத் தன்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லுவம் என்று மூன்று நாளும் நினைத்தான்.

நாலாம் நாள் கடைக்குப் புறப்பட்டால், வாசல் படலையடியில் அம்மா சேலை மாற்றிவிட்டு நிற்கிறாள்.

"நானும் வாறன். கடைக்காரர் உன்னையெல்லோ ஏசுவினம். தண்ணி தெளிச்சது நானெண்டு நானே சொல்லுறன். ஒளிச்சுப்போட்டுத் திருத்தித் தாங்கோ எண்டு கேக்கிறது பாவம்."

வெயில் என்றான், பஸ்ஸில் சனம் என்றான். அவள் கேட்கவில்லை. பஸ் மானிப்பாயைக் கடந்ததும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "அம்மா," என்றான்.

"என்னப்பன்?"

"ஒண்டுமில்லை."

கடையில் அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "தம்பி, பிள்ளையிலை பிழையில்லை. புதுச் சாமானெண்டு நான்தான் கும்பத் தண்ணி தெளிச்சுப்போட்டன். போனையும் இனாமாத் தந்த உங்களுக்கு இப்பிடி ஒரு கரைச்சல்."

ஏர்னெஸ்ட் அதற்குள் அடிமூடியைக் கழற்றிவிட்டார். "போனோ? நான் ஒருத்தருக்கும் போன் குடுக்கேல்லை, அம்மா. இதுக்குள்ளை ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை. சார்ஜர் குத்திற இடம் ஒட்டு விட்டிட்டுது. பழைய சாமான்தானே, விக்கேக்கையே தம்பியிட்டைச் சொன்னனான்."

அம்மா லப்டொப்பைப் பார்த்தாள். பிறகு மகனின் சட்டைப் பையைப் பார்த்தாள். "எவ்வளவு நேரம் செல்லும், தம்பி?" என்று மட்டும் ஏர்னெஸ்டிடம் கேட்டாள்.

அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பஸ் நிலையத்தில் இருக்கும்போது அக்கா அம்மாவின் போனுக்கு எடுத்தாள். அவள் அங்கே வேலைக்குப் போகிற நேரம் அது.

"ஓம் பிள்ளை, காட்டினது. தண்ணிதானாம். என்ரை கவலையீனம்தான். இப்ப திருத்தியாச்சு, நீ யோசியாதை," என்றாள் அம்மா.

நாலு துளித் தண்ணியை ஊர்பேர் தெரியாத கடைக்காரரிடம் ஒளிக்க மனம் வராமல் பஸ் ஏறி வந்தவள், சொந்த மகளிடம் பொய் சொல்கிறாள். கஜீபனுக்குத் தாங்கவில்லை. "தாங்கோ அம்மா, நான் அக்காட்டைச் சொல்லுறன்," என்று கையை நீட்டினான்.

அம்மா போனை வைத்துவிட்டாள். "தம்பி தன்னை ஏமாத்திப்போட்டானெண்டு நினைச்சு நினைச்சு அவள் இண்டைக்குக் கோப்பை கழுவ வேணுமோ?"

"பிழைதான் அம்மா. என்னை மன்னியுங்கோ."

அம்மா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவனுக்கு நல்லாயிருந்திருக்கும்.

"தெரியாமல் செய்தனானெண்டு நீ என்னை மன்னிச்சனீ. நீ தெரிஞ்செல்லோ செய்தனீ, தம்பி. நான் உன்னை என்னெண்டு மன்னிக்கிறது?"

பஸ் வந்தது. அம்மாவுக்குப் பக்கத்துச் சீற் காலியாக இருந்தது. கஜீபன் லப்டொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பண்டத்தரிப்பு வரை நின்றபடியே போனான்.