இளக்கமான மேசைகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு க்ளென் ஹார்டிகன் ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தான். பணம் இன்னும் வரவில்லை. இன்றோடு பதினோரு நாள்.

இணையப் போக்கர் அறைகளுக்கு மதிப்பெண் போடுவது அவன் வேலை. பணம் வைத்து ஆட நினைப்பவர்கள் எந்த அறையில் சேரலாம் என்று தேடினால் அவன் எழுதியதுதான் முதலில் வரும். இருநூறு டாலர் கட்டிச் சேருவான். இரண்டு வாரம் ஆடுவான். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்பான். எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்த்து எழுதுவான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்புரையைப் புதுப்பிக்க வேண்டும். இன்று புதுப்பிக்க வேண்டிய அறை ஏதோ ஒரு தீவில் பதிவானது. ஆஸ்திரேலியர்களுக்கு அப்படி ஓர் அறை நடத்தக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. தீவில் அதை யாரும் படிப்பதில்லை.

'பணம் எடுத்தல்' என்ற கட்டத்தில் போன முறை போட்ட 9.2 இருந்தது. பக்கத்தில் '24 மணி நேரத்துக்குள்' என்று இருந்தது. க்ளென் ரொட்டியைக் கடித்தான். எதையும் மாற்றவில்லை.

அடுத்த கட்டம் 'இளக்கம்'.

அது தொழில் வார்த்தை. ஆடத் தெரியாதவர்கள் நிறைய உட்காரும் மேசை இளக்கமான மேசை. அவர்களுக்கு மீன் என்று பெயர். மீன் அதிகம் இருந்தால் அறைக்கு மதிப்பெண் அதிகம். ஆடத் தெரிந்தவன் அந்தக் கட்டத்தைப் படித்ததும் புரிந்துகொள்வான். மீனுக்குப் புரியாது.

கைபேசி அடித்தது. மதிப்புரைத் தளத்தின் முதலாளி டாம்சின், கோல்ட் கோஸ்டிலிருந்து.

"என்ன க்ளென், மத்தியானத்துக்குள்ள ஏத்திருவியா?"

"என் பணம் இன்னும் வரல டாம்சின். பதினோரு நாளாச்சு."

"அது உன் பேங்க் கோளாறா இருக்கும். நாம அனுப்புற ஆளு தோக்குறதுல நூத்துக்கு முப்பது வேற எவன் தர்றான், சொல்லு? சரி, இளக்கம் எப்படி இருக்கு?"

"வெண்ணெய்."

"அட!"

"ஒரு மீன் மாட்டியிருக்கு. தினம் காலைல பத்து மணிக்கு டான்னு வந்துரும். என்ன சீட்டு வந்தாலும் காசு போடும். எவ்வளவு ஏத்தினாலும் விடாம பின்னாடியே வரும்."

"யாரும் திட்டித் தொலைச்சிராதீங்கப்பா. ஓடிரப் போகுது."

"நானா? ஒவ்வொரு தடவையும் 'நல்லா ஆடினீங்க நண்பா'ன்னு எழுதிட்டுத்தான் அள்ளுறேன்."

டாம்சின் சிரித்துச் சிரித்து இருமினாள். "அந்தக் குறிப்ப எனக்கும் அனுப்பு. நம்ம பசங்களும் கொஞ்சம் சாப்பிடட்டும்."

எதிரில் ஆடுபவர்களைப் பற்றி அவரவர் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ள அறையிலேயே வசதி உண்டு. க்ளென் தன் குறிப்பைப் பிரதி எடுத்து அனுப்பினான். 'கேடி318. மீன். காலை பத்து மணி. தோற்றால் இன்னும் பெரிதாக ஆடும். இது உட்காரும் மேசையில் உட்காரவும்.'

பிறகு மதிப்புரையில் எழுதினான்: 'இளக்கம்: 9.6. மேசைகள் மிக இளக்கமானவை. காலை வேளை சிறந்தது.'

கையைத் துடைத்துக்கொண்டு ஆடப் போனான். மீன் வந்திருந்தது.

சனிக்கிழமை அவன் வுலங்காங்கிலிருந்து உல்லடல்லாவுக்கு வண்டி ஓட்டிப் போனான். அங்கே அவன் அக்கா மெரில் இருக்கிறாள். அக்கா புருஷன் ஃபெர்கஸ் மீன்பிடித்தவன். போன வருடம் அரசாங்கம் உரிமங்களைத் திருப்பி வாங்கியபோது அவனும் விற்றுவிட்டான். அந்தப் பணத்தில் துறைமுகத்தில் ஐஸ், தூண்டில் இரை விற்கும் கடையைக் குத்தகைக்கு எடுப்பதாகப் பேச்சு. வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்து.

வாசலில் டிரெய்லரின் மேல் படகு நின்றது. சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. க்ளென் அதைச் சுற்றிக்கொண்டு போனவன் நின்றான்.

முகப்பில் கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: கே.டி. 318.

இருபது வருடமாகப் பார்த்த எண். ஒருநாளும் படித்ததில்லை.

"வாங்க கம்ப்யூட்டர் தொரை," என்றாள் மெரில் கதவருகிலிருந்து. "படகப் பாத்தது போதும். விக்கிறதுக்கில்ல."

கொல்லையில் ஃபெர்கஸ் இரும்புத் தட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பை நிறையக் கிழங்கான் மீன்.

"கூட்டுறவுல வாங்கினேன் மாப்ள. நான் காசு குடுத்து மீன் வாங்குறேன் பாத்துக்க. அப்பன் இருந்தா செருப்பாலடிப்பான்."

ஒவ்வொரு மீனையும் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்திய இடம் எழும்பினால் தட்டுக்குப் போட்டான். ஒன்றில் விரல் உள்ளே போனது. குழி அப்படியே நின்றது. விலாவிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்தது.

"இளகிப்போச்சு," என்று வாளியில் எறிந்தான். விரலைக் காற்சட்டையில் துடைத்தான்.

க்ளென் சாப்பிட்டான். மெரில் கடைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். மஞ்சளா, நீலமா என்று தம்பியைக் கேட்டாள். நீலம் என்றான்.

தட்டுகளை அவள் உள்ளே எடுத்துப் போனதும் ஃபெர்கஸ் குரலைத் தாழ்த்தினான். "மாப்ள, கொட்டகைக்கு வா. ஒண்ணு காட்டணும்."

கொட்டகையில் பழைய இரைப்பெட்டியின் நாற்றம். ஃபெர்கஸ் கைபேசியை நீட்டினான். திரையில் க்ளெனின் மதிப்புரை. கீழே க்ளெனின் சின்னப் படம்.

"நீ எழுதினதுதானே?"

"ஆமா மச்சான்."

"படகு போனப்புறம் காலைல எந்திரிச்சா கைக்கு வேலையில்ல. சும்மா சீட்டாடலாமேன்னு தேடினேன். பாத்தா உன் மூஞ்சி. இளக்கமான மேசைன்னு போட்டிருந்தியா, சரி, கத்துக்கிட்டு ஆடுறவங்கள அதட்ட மாட்டாங்க, பதமா நடத்துவாங்கன்னு நெனச்சு உள்ள போனேன். அது உண்மைதான், பொய் சொல்லக் கூடாது. யாரும் ஒரு கெட்ட வார்த்தை பேசினதில்ல. ஒருத்தன் இருக்கான், தினம் காலைல. நான் தோத்தாக்கூட 'நல்லா ஆடினீங்க நண்பா'ம்பான். அவனுக்காகவே பல நாள் உக்காந்திருக்கேன்."

க்ளென் இரைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"நெறைய விட்டுட்டேன் மாப்ள. ரோஷத்துல போட்டுப் போட்டு விட்டுட்டேன். இன்னும் இருபத்தாறாயிரம் உள்ள நிக்குது. அத எடுத்தாக்கூட முன்பணம் கட்டிரலாம், மிச்சத்துக்கு எங்கயாச்சும் கடன் கேக்கலாம். எடுக்கச் சொல்லி மூணு நாளாச்சு. கரண்ட் பில் போட்டோ கேட்டான், அனுப்பினேன். பில்லக் கையில புடிச்சுக்கிட்டு போட்டோ கேட்டான். அனுப்பினேன். இப்ப என் மூஞ்சி தெளிவா இல்லைங்கிறான். இருபத்துநாலு மணி நேரம்னு நீதானே எழுதியிருக்க? உனக்கு அவங்களத் தெரியும்ல. ஒரு வார்த்தை சொல்லேன்."

"திங்கக்கிழமை பேசுறேன் மச்சான்."

"வெள்ளிக்கிழமை கையெழுத்துடா. இப்பப் பேசு. சத்தமா வை, நானும் கேக்கணும்."

க்ளென் டாம்சினை அழைத்தான். ஒலிபெருக்கியில் வைத்தான். எடுக்க மாட்டாள் என்று நம்பினான். எடுத்தாள்.

"சனிக்கிழமைகூட விட மாட்டியா?"

"அந்த அறையில எனக்கு வேண்டியவர் ஒருத்தரோட பணம் நிக்குது. பேசி எடுத்துத் தர முடியுமா?"

"யாரு? ஆடுற பேரச் சொல்லு."

க்ளென் ஃபெர்கஸைப் பார்த்தான். ஃபெர்கஸ் அவன் தோளைத் தட்டி, வாசலில் நின்ற படகின் பக்கம் கைகாட்டி, உதடுகளை மட்டும் அசைத்தான். சொல்லு.

"கேடி318."

"கேடி318?" டாம்சின் குரல் உயர்ந்தது. "டேய், அது உன் மீனுடா! செவ்வாக்கிழமை அனுப்பினியே. இரு. 'தோற்றால் இன்னும் பெரிதாக ஆடும். இது உட்காரும் மேசையில் உட்காரவும்.' நானே உக்காந்து பாத்தேன், ஆஹா. அது பணத்த எடுக்கப் பாக்குதா? விட்றாத. எடுக்கக் கேட்டா இவங்க ரெண்டு வாரம் இழுப்பாங்க. அதுக்குள்ள அதுக்குக் கை அரிக்கும். கேட்டத ரத்து பண்ணிட்டு மறுபடி மேசைக்கு வந்துரும். எல்லா மீனும் அப்படித்தான். பொறுமையா இருங்க, அதுவரைக்கும் ஆடிக்கிட்டு இருங்கன்னு சொல்லு. நமக்கும் முப்பது..."

க்ளென் கைபேசியை அணைக்கப் போனான். ஃபெர்கஸின் கை அதன் மேல் இருந்தது. பேச்சு முடியும்வரை அந்தக் கை எடுபடவில்லை. பிறகு ஃபெர்கஸே அணைத்தான்.

ஃபெர்கஸ் கேட்டான். "அந்த நண்பன் நீயா?"

"சத்தியமா நீங்கன்னு தெரியாது மச்சான். உங்க மேல ஆணையா."

"நானில்லாம வேற எவனாவதுன்னா?"

க்ளென் கதவின் பக்கம் திரும்பினான்.

கதவருகில் மெரில் நின்றிருந்தாள். கையில் மூன்று கோப்பை தேநீர். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"எவ்வளவு போச்சு?"

"உரிமத்துப் பணம்," என்றான் ஃபெர்கஸ்.

"அதுல எவ்வளவு?"

"அந்த அறைக்காரன் நிறுத்தி வெச்சிருக்கிறத சேத்தா, எல்லாம்."

அவள் தேநீரை வெளியே மண்ணில் கொட்டினாள். ஒவ்வொரு கோப்பையாக. புருஷனின் கைபேசியை வாங்கி அதிலிருந்த மதிப்புரையைப் படித்தாள். கொல்லைக்குப் போய் வாளியை எடுத்து வந்து தம்பியின் மடியில் வைத்தாள். வெயிலில் கிடந்த மீனில் அதற்குள் ஈ மொய்த்திருந்தது.

"அமுக்கிப் பாரு."

"அக்கா..."

"அமுக்குடா."

க்ளென் அழுத்தினான். விரல் முள் வரை போனது.

"இதுதான் எங்களுக்கு இளக்கம். இதப் பாத்தா நாங்க தூக்கிப் போடுவோம். நீ என்னடான்னா பத்துக்கு ஒம்போதரைக்கு மேல போட்டிருக்க." அவள் குரல் ஏறவில்லை. புருஷனைப் பார்த்தாள். "உன்கிட்ட அப்புறம் பேசுறேன்."

க்ளென் விரலைக் கழுவாமலே அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து மதிப்புரையைத் திறந்தான். பழையதை முழுக்க அழித்தான். ஐந்து வரி எழுதி ஏற்றினான். இருபது நிமிடத்தில் அது காணாமல் போனது. 9.6 திரும்பி வந்தது. கீழே வேறு யாருடைய படமோ இருந்தது. அவன் கடவுச்சொல் வேலை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அறையிலிருந்து ஃபெர்கஸுக்குச் செய்தி வந்தது. புகைப்படம் தெளிவாக இல்லாததால் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பொறுமைக்கு நன்றியாக ஐம்பது டாலர் ஊக்கத்தொகை, மேசையில் மட்டும் பயன்படுத்தலாம். அவன் அதை மெரிலிடம் காட்டினான். புகார் கொடுக்கத் தீவுக்கு முகவரி இல்லை. கடையை பேட்மன்ஸ் பே ஆள் ஒருவன் எடுத்தான். மஞ்சள் அடித்தான். அடுத்த வாரம் ஃபெர்கஸ் இன்னொருவனின் படகில் கூலிக்கு ஏறினான்.

தம்பி எழுதிய ஐந்து வரியை அவன் கையாலேயே மறுபடி எழுதி வாங்கினாள் மெரில். கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், கடல் ஏற்ற இறக்க அட்டவணைக்குப் பக்கத்தில் குத்தினாள்.

'நான் ஒரு போக்கர் அறைக்கு மதிப்பெண் போட்டேன். அது பணத்தைத் திருப்பித் தராது என்று எனக்குத் தெரியும். அங்கே சேருபவர்கள் தோற்றால் எனக்குப் பங்கு உண்டு. இளக்கம் என்று நான் எழுதியது முழுக்க உங்களைப் பற்றித்தான். சேராதீர்கள். க்ளென் ஹார்டிகன்.'

உரிமம் விற்ற பன்னிரண்டு பேர் அந்த ஊரில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன், டூகல் என்று பெயர், ஐஸ் வாங்க வந்தவன், பலகைக்கு முன்னால் நின்று படித்தான். ஐஸ் உருகிக் காலணியில் சொட்டும்வரை நின்றான். பிறகு அங்கே மீன் வாங்க நின்றிருந்த மெரிலிடம் வந்து, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மெரில், இந்த பத்து மணி மேசையில நண்பா நண்பான்னு ஒருத்தன் எழுதுவான். நல்ல பையன். அவனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"நீ எவ்வளவு விட்டுருக்க?"

டூகல் தரையைப் பார்த்தான்.

"கேட்டுக்க டூகல்," என்றாள் மெரில். "ஒருத்தன் உன்ன நண்பான்னு கூப்பிட்டா, ஒரு எடத்துக்கு நல்லா இருக்குன்னு மார்க் போட்டுக் குடுத்தா, நீ தோத்தா அவனுக்கு என்ன கெடைக்கும்னு மொதல்ல கேளு. ஏதாச்சும் கெடைக்கும்னா, அவன் என் கூடப் பொறந்தவனா இருந்தாலும் நம்பாத. இப்ப அந்த போன எடு. என் கண்ணு முன்னாடியே அந்த ஆட்டத்த அழி."

டூகல் ஐஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, கைபேசியை எடுத்தான்.